வாட்டுக்குள் வந்த கேள்வித்தாள்: தப்பும் நன்றியும்

போன வருஷம் என் கம்பஸ் நண்பன் ஒருவன் கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல வாட்டில் 18 நாள் இருந்தான். அவனுடைய பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இதை எழுதச் சொன்னவனே அவன்தான். "எழுது மச்சான், ஆனா என்னய ஹீரோ ஆக்கிடாத" என்றான். ஆக்கமாட்டேன். இது அவனுடைய கதையும் இல்லை. அவன் கையில் கொடுக்கப்பட்ட ஒரு தாளின் கதை.

வாட்டுக்கு வந்து நாலாம் நாள், பயிற்சியில் இருந்த ஒரு மிஸ் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார். சிங்களத்தில் ஃபோட்டோகொப்பி எடுத்த தாள். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் அவரே பேனாவால் தமிழில் எழுதியிருந்தார். அரச வகுப்பில் தமிழ் படித்தவராம். கேள்விகள் மூன்று. நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரு விடயம் என்ன? இன்று நன்றி சொல்ல விரும்பும் மூன்று விடயங்கள் என்ன? எல்லாம் நல்லபடி நடந்தால் ஐந்து வருடத்துக்குப் பிறகு உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும்?

முதல் கேள்விக்கு அவன் ஒரே சொல் எழுதினான்: தப்பு.

மிஸ் படித்த தமிழில் தப்பு என்றால் தவறு. இந்தப் பையன் தான் செய்வதெல்லாம் தவறு என்று நினைக்கிறான் என்று அவர் விளங்கிக்கொண்டார். குறிப்பிலும் அப்படியே எழுதினார். அடுத்த நாள் டொக்டர் வந்து, மிகவும் அன்பாகத்தான், "என்ன பிழை செய்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளில் எதையோ பிழையாக எழுதிவிட்டோம் என்று பயந்து இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. கடைசியில் வாட்டைக் கூட்ட வந்த ஒரு அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். "மிஸ், இது பிழை இல்ல. இது மோளம்."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையகத்தில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் காமன் கூத்துக்கும் அடிக்கும் தோல்வாத்தியம்தான் தப்பு. அவன் நன்றாகச் செய்யும் விஷயம் அது. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கம்பஸில் இரண்டு வருஷமாக அவன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி சாதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எங்களிடம் மறைத்ததை அந்தத் தாளில் எழுதினான். அதைத்தான் தவறு என்று வாசித்தார்கள்.

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேனாவால் தமிழ் எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, ஏன் இப்படித் தடுக்கி விழுந்தது என்று தேடினேன். தேடியதில் கிடைத்ததுதான் கீழே இருப்பது.

தாள் எங்கிருந்து வந்தது?

1998இல் மார்ட்டின் செலிக்மன் என்பவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். உளவியல் இவ்வளவு காலமும் நோயையே பார்த்தது, மனிதர் நன்றாக வாழ்வது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதற்கு நேர்மறை உளவியல் என்று பெயர் வந்தது. 2004இல் அவரும் கிறிஸ்டோபர் பீற்றர்சனும் சேர்ந்து மனிதரின் குணபலங்களை 24ஆக வகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். "நீங்கள் நன்றாகச் செய்யும் விடயம் என்ன" என்ற கேள்வியின் பூர்வீகம் இங்கேதான் இருக்கிறது.

நன்றிக் கேள்விக்குத் தனி வரலாறு. 2003இல் ரொபர்ட் எமன்ஸ், மைக்கல் மெக்கலா என்ற இரண்டு பேர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு குழு நன்றிக்குரிய விஷயங்களை வாரா வாரம் எழுதியது, இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். 2005இல் செலிக்மன் குழு இணையத்தளம் மூலம் 577 பேரைச் சேர்த்தது. கடைசிவரை நின்றவர்கள் 411 பேர். தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவற்றின் காரணத்தையும் ஒரு வாரம் எழுதியவர்களுக்கு, ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. மூன்றாவது கேள்வியும் அமெரிக்கப் பிள்ளைதான். லோரா கிங் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று தூக்கி எறிய நான் வரவில்லை. 2013இல் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, பயன் உண்டு ஆனால் சிறியது என்றது. சிறியது என்றாலும் உண்டுதானே. வாட்டில் இருக்கும் ஒரு இளைஞனுக்கு அது தேவையும்கூட. மருந்து அவனுடைய நோயைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் 20, 22 வயதில் உள்ளே போகிறவன் நோயோடு சேர்த்துப் படிப்பையும் கூட்டாளிகளையும், காலையில் எழும்ப ஒரு காரணத்தையும் இழக்கிறான். கோரி கீஸ் என்ற சமூகவியலாளர் 2002இல் இதைத்தான் சொன்னார். நோய் இல்லாமல் இருப்பது ஒன்று, செழிப்பாக இருப்பது வேறொன்று. ஒன்று சரியானால் மற்றதும் தானாகச் சரியாகிவிடாது.

ஆனால் 577 பேரும் தாங்களாகத் தேடி இணையத்தளத்துக்கு வந்தவர்கள். தங்கள் மொழியில் படித்து, தங்கள் வீட்டில் இருந்து எழுதியவர்கள். என் நண்பன் அப்படியா?

பழைய தோட்டம்

நல்ல செயலாலும் அன்பான பேச்சாலும் மனநோயாளியைத் தேற்றலாம் என்பது 1998இல் பிறந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி (ஆமா, தேயிலைதான்) 1796இல் யோர்க் நகரில் ஒரு இல்லம் திறந்தார். சங்கிலி இல்லை. தோட்டவேலை, தையல், உலாவுதல், சேர்ந்து தேநீர் குடித்தல். முற்றத்தில் முயலும் கோழியும் வளர்த்தார்கள், நோயாளிகள் தம்மைவிடப் பலவீனமான ஒரு உயிரைப் பராமரிக்கட்டும் என்று. அந்த இல்லத்தில் ஆரம்பத்தில் சில பத்துப் பேர்தான் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்த எண்ணிக்கை.

மிஷேல் ஃபூக்கோ 1961இல் இந்த இல்லத்தை வேறு விதமாகப் பார்த்தார். சங்கிலியைக் கழற்றிவிட்டு, "நல்ல பிள்ளையாக இரு" என்ற கண்காணிப்பை நோயாளியின் மனசுக்குள் பூட்டினார்கள் என்றார். முதலாம் வருஷத்தில் படிக்கும்போது இது ஏதோ மிகைப்படுத்தல் மாதிரி இருந்தது. நண்பனின் தாளைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இலங்கைக்கு வந்தது இந்த முயல் வளர்த்த இல்லம் இல்லை. கட்டடமும் சட்டமும்தான் வந்தன. 1847இல் பொரளையில் மனநோயாளர் காப்பகம் திறந்தது. 1873இல் பித்தர் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவரைப் பைத்தியம் என்று நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. பொரளை நிரம்பியதால் கறுவாத்தோட்டம், அதுவும் நிரம்பியதால் 1920களில் அங்கொடை. எல்லாம் கொழும்பும் கொழும்பை அண்டிய இடமும்தான். கண்டியில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால், ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தள்ளி, தன் ஊர்க்காரர் ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். அங்கொடை என்ற ஊரின் பெயரே வசைச்சொல் ஆனது. "ஒன்னய அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று நம்ம வீடுகளில் இன்றைக்கும் சொல்கிறோம். அங்கே வாழ்கிற சாதாரண மக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

1937இல் லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் எட்வர்ட் மேப்போதர், அரசு அழைத்து இலங்கைக்கு வந்தார். நெரிசலைப் பார்த்துக் கடுமையாக எழுதினார். எல்லாரையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், பொது ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு வையுங்கள் என்றார். அவர் சொன்னது மெதுமெதுவாகத்தான் நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த மனநலக் கொள்கைதான் ஒவ்வொரு மாவட்டத்திலும் சேவை இருக்க வேண்டும் என்று உறுதியாக எழுதியது.

இதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: யோர்க்கில் வேலை செய்தது தோட்டம் இல்லை. தோட்டத்தில் கூட நின்று பேச ஆள் இருந்தது. பெரிய காப்பகங்களிலும் தோட்டம் இருந்தது, நோயாளிகள் வேலையும் செய்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் இடத்தில் அது சிகிச்சை இல்லை, சம்பளமில்லாத கூலி. கேள்வித்தாளும் அப்படித்தான். பதிலை வாசித்துவிட்டு, "தப்பா? அப்படின்னா என்ன?" என்று கேட்க ஒரு ஆளும் பத்து நிமிஷமும் இல்லாவிட்டால் அது இன்னொரு படிவம்.

நன்றி என்ற சொல்

இரண்டாவது கேள்வியை அவன் வெறுமையாக விட்டிருந்தான். ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பா தொரைக்கு நன்றி சொன்னாரு, கணக்கப்புள்ளைக்கு நன்றி சொன்னாரு, யூனியன் தலைவருக்கும் நன்றி சொன்னாரு. ஆஸ்பத்திரியிலயுமாடா?"

சிரித்தோம். ஆனால் இந்தப் பதிலுக்குள் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. கலஹாவுக்கு அந்தப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே வருஷம்தான் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. தேயிலைக்கும் அதற்கு முந்திய கோப்பிக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாமே தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இவர் இவ்வளவு கடன் கட்ட வேண்டும், கட்டினால் விடுவோம் என்று எழுதிய ஒரு சின்னக் கடதாசி. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. 1948இல் குடியுரிமையே போனது.

நம்ம மொழியில் நன்றிக்குப் பின்னாலேயே ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும்: கடன். நன்றிக்கடன். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. அழகான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் துண்டில் கடன் எழுதி வாங்கிய பரம்பரைக்கு "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது பல நேரம் மேலேயிருந்து கீழே சொல்லப்பட்ட பழமொழி. கலிஃபோர்னியாவில் ஒரு மாணவி நன்றி என்று எழுதும்போது அவள் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. லயத்துப் பையனிடம் அதே கேள்வியைக் கேட்டால், கேட்பவருக்கே தெரியாமல் ஒரு பழைய கணக்குப் புத்தகம் திறக்கிறது.

இதில் நம்ம கம்பஸுக்கும் பங்கு உண்டு. பேராதனையில் படித்து, படிப்பித்து, பிறகு பிரின்ஸ்டனுக்குப் போன மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் மனச்சோர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாழ்க்கை துக்கம் என்று சொல்லும் ஒரு பௌத்தரை மேற்கத்திய அளவுகோலில் வைத்தால் நோயாளி என்று வரலாம், ஆனால் அவருக்கு அந்தத் துக்கத்தை வைத்து வேலை செய்யப் பண்பாட்டில் வழி இருக்கிறது என்றார். அத்தோடு ஒரு குறும்பும் செய்தார். விந்து இழப்பால் உடல் தளரும் என்ற நம் பக்கத்து நோயைக் கேள்வித்தாளாக்கி, ஒரு தெற்காசிய மருத்துவர் அமெரிக்காவுக்குப் போய் நோயாளி தேடினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் துக்கத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியை நாம் மகிழ்ச்சியைப் பற்றியும் கேட்கலாம். எது சந்தோஷம் என்று முடிவு செய்த பிறகுதான் அளவுகோல் வருகிறது. முடிவு செய்தது யார்?

வேறு இரண்டு இடங்கள்

அப்படியானால் இந்தப் பயிற்சிகளே வேண்டாமா? அப்படி இல்லை. மொழியையும் உறவையும் முதலில் உள்ளே விட்ட இடங்கள் இருக்கின்றன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957இல் தொடங்கியது. தொடங்கியவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மருத்துவர். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் வந்து தங்க வேண்டும். சமையலும் அவர்களே. அம்மாவோ அண்ணனோ கூட இருந்தால் தப்பு என்றால் என்ன என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நோய் எப்படி, மருந்து எப்படி என்று வீட்டுக்காரரும் படித்துக்கொண்டு ஊருக்குப் போவார்கள். உடன்பிறந்தவர்களைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும் உள்ளே விடும் நம்ம முறைக்கு நேர் எதிர்.

இரண்டாவது மட்டக்களப்பு. 1996இல், யுத்தத்துக்கு நடுவில், போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தைத் தொடங்கினார்கள். அது தங்கியிருக்கும் இடம் இல்லை, பிள்ளைகள் வந்து போகும் இடம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, பாட்டு, மிருகங்கள். டியூக்கின் முயலும் கோழியும் 200 வருஷம் கழித்து மட்டக்களப்பில் திரும்ப வந்த மாதிரி. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நோண்டிக் கேட்பதைவிட, அவர்களே செய்யும் கதைக்குள் அது தானாக வர இடம் கொடுத்தார்கள். நன்றாகச் செய்யும் விஷயம் என்ன என்று தாளில் கேட்பதற்கும், செய்ய இடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

திரும்பவும் கண்டி

1987இல் தமிழ் அரச கரும மொழியானது. 2005இல் மனநலச் சேவை மாவட்டத்துக்கு வர வேண்டும் என்று எழுதப்பட்டது. இரண்டும் தாளில் இருக்கின்றன. கண்டியைச் சுற்றி ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் இருக்கும் ஒரு இளைஞனுக்கு வாட்டு பஸ் போகும் தூரத்துக்கு வந்துவிட்டது. அவனுடைய தமிழ் அந்த வாட்டுக்குள் வந்தது கூட்டுகிற அக்காவின் வாய் வழியாக. அவருக்கு அது வேலையும் இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை.

"மோளம்" என்று அவர் சொன்ன பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மிஸ்ஸுக்கு வெட்கமாகிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டாராம். பிறகு, "அடிச்சுக் காட்டுங்களேன்" என்றாராம். இவன் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் விரலால் அடித்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த குருநாகல் பையன் ஒருவன் எழும்பி வந்து தானும் தட்டினான். அவ்வளவுதான். அதனால் சுகமாகிவிட்டான் என்று எழுதினால் பொய். மருந்து வேலை செய்ய மூன்று வாரம் எடுத்தது, இன்னும் கிளினிக் போகிறான். ஆனால் அன்றைக்குப் பின்னேரம்தான் டொக்டரிடம் முதன்முதலாக வாய் திறந்து பேசினான். அவனே சொன்னது அது.

அந்தத் தாளை எப்படி மாற்றலாம் என்று போன மாதம் இரண்டு பேரும் விடுதியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். முதல் கேள்வியில் "நீங்கள்" என்பதோடு "யாரோடு சேர்ந்து" என்பதையும் சேர்த்தோம். தப்பைத் தனியாக அடித்து என்ன செய்வது? மூன்றாவது கேள்வியில் ஐந்து வருஷத்தை எடுத்துவிட்டு "வீட்டுக்குப் போன முதல் வாரம்" என்று போட்டோம். வாட்டில் இருக்கும்போது ஐந்து வருஷம் என்பது மலைக்கு அந்தப் பக்கம் என்றான். நன்றிக் கேள்விதான் நிறைய நேரம் எடுத்தது. நாலைந்து தரம் வெட்டி எழுதி, கடைசியில் அவன் சொன்னது நின்றது: "இன்னைக்கு ஒங்க பக்கத்துல வந்து குந்துனது யாரு?"

இதைக் கொண்டுபோய் அந்த மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறோம். பயிற்சி முடிந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம், தேடுகிறோம். உளவியல், தாதியர் பிரிவுகளில் படிக்கும் நண்பர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வாட்டுத் தாள்களை உங்கள் ஊர்த் தமிழில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு: உங்கள் கூட்டாளி யாராவது உள்ளே இருந்தால் போய்ப் பாருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான் முதல்நாள் போய் ஒரு மணித்தியாலம் கிரிக்கெட்தான் பேசினேன். உங்களுக்கே மனசு தாங்காமல் இருந்தால் 1926க்கு அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

மாசி மாதம் அவனுடைய தோட்டத்தில் காமன் கூத்து. இந்த முறை எங்கள் பட்ச்சில் ஆறு பேரைக் கூப்பிட்டிருக்கிறான். தப்பு அவன்தான் அடிக்கிறான்.